குளவித் துணி

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு என் கழுத்தில் கேமரா தொங்கும். ஏழேகாலுக்கு லென்ஸ் முழுக்கப் பனி. ஏழரைக்கு நான் அதைச் சட்டை நுனியில் துடைத்தபடி யாரையாவது திட்டிக்கொண்டிருப்பேன். ஐந்து மாதமாக இதுதான் என் உத்தியோகம். சம்பளம் கிடையாது, லீவும் கிடையாது.

கீழே ஒரு பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் உயிரியல் படித்துவிட்டு மேலே எஸ்டேட்டுக்கே திரும்பி வந்திருந்தேன். லைன் வீட்டில் அம்மாவும் நானும் மட்டும். அம்மா தேயிலை எடுக்கிறாள். நான் லேப்டாப்பில் வேலைக்கு எழுதிப் போடுகிறேன். முதல் இருபது இடத்துக்கு எழுதும்போது கை நடுங்கியது. அப்புறம் நடுங்குவது நின்றுவிட்டது. அதோடு மற்றதும் நின்றுவிட்டது. பல் பிடுங்குவதற்கு முன்னால் ஓர் ஊசி போடுவார்களே, கன்னத்தைக் கிள்ளிப் பார்த்தால் யாரோ ஒருத்தியின் கன்னத்தைக் கிள்ளுவது போல இருக்குமே, அப்படி இருந்தது. சாப்பிட்டேன், தூங்கினேன், கூப்பிட்டால் என்ன என்று கேட்டேன். யாரும் வித்தியாசம் கண்டுபிடிக்கவில்லை. நானே ரொம்ப நாள் கழித்துத்தான் கவனித்தேன்.

கேமரா பழையது. படிக்கும்போது கல்யாண வீடுகளில் படம் எடுத்துச் சேர்த்த காசில் வாங்கினேன். லென்ஸில் ஒரு கீறல் உண்டு. வெயில் நேராக அடித்தால் எல்லாப் பறவைக்கும் வாலில் ஒரு வெள்ளைக் கோடு விழும்.

என்கூட வருகிறவன் ஒருத்தன்தான். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் என் பக்கத்தில் உட்கார்ந்து என் கணக்கைப் பார்த்து எழுதியவன். இப்போது பழைய லேண்ட்ரோவர் ஒன்றில் சுற்றுலாப் பயணிகளை மலை உச்சிப் பாசிக் காட்டுக்கு ஏற்றிப் போகிறான். சனிக்கிழமை அவன் முதல் நடை பத்து மணிக்கு. அதுவரை வேலையில்லாததால் என்னோடு நடக்கிறான். அவனுக்குப் பறவைகளைப் பற்றி எதுவும் தெரியாது. ஆனால் பயணிகளிடம் அள்ளிவிடுவான். தீக்கொண்டைக் குக்குறுவான் என்று ஒரு பறவை, மூக்குப் பக்கத்தில் நெருப்புத் துண்டு ஒட்டினாற்போல இருக்கும், கூப்பிட்டால் சில்வண்டு மாதிரிதான் கேட்கும். அதை அவன் ஒரு ஜெர்மன் ஜோடியிடம் மலைக்கிளி என்று சொல்லி, அவர்கள் நோட்டில் எழுதிக்கொண்டார்களாம். நான் திட்டினால், "அவங்களுக்கு சந்தோஷம், எனக்கு டிப்ஸு. ஒனக்கு என்னா பிரச்சன, புரொபசர்?" என்பான். எனக்குப் பட்டம் கொடுத்தது அந்தப் பல்கலைக்கழகம் மட்டும் இல்லை.

நியாயமாகப் பார்த்தால் எங்கள் லைனில் எல்லாமே குருவிதான். பெரிசு என்றால் பெரிய குருவி. கத்தினால் கத்துற குருவி. கூட்டம் கூட்டமாக வந்து புதரைப் புரட்டிப்போடும், மஞ்சள் மார்பும் வெள்ளிக் காதும் கொண்ட அந்த அழகான பறவைக்கும் பேர் குருவிதான். நான் ஆங்கிலப் பேரைப் படித்துத் தெரிந்துகொண்டதே கீழே, ஏசி அறையில். இருபது வருடம் என் வீட்டுச் சன்னலில் உட்கார்ந்திருந்ததை அங்கே திரையில் பார்த்துப் பேர் எழுதிப் பரீட்சை பாஸ் பண்ணினேன்.

எங்கள் நடை எப்போதும் ஒரே வழிதான். லைனுக்குப் பின்னால் ஏறி, ஒன்பதாம் நம்பர் தேயிலை மலையின் ஓரமாகப் போய், மூலையில் இருக்கிற முனியாண்டி கல்லைத் தாண்டினால் தேயிலை முடிந்து காடு தொடங்கும். உள்ளே கால் மணி நேரம் ஏறினால் ஓர் ஓடை. ஓடைக்கு மேல் ஒரு வீட்டளவு பாறை, முழுக்கப் பாசி. வழியெல்லாம் காட்டுக் காசித்தும்பை, ரோஸ் நிறத்தில் பிகோனியா, ஒரு திருப்பத்தில் மட்டும் பூச்சி பிடிக்கும் குரங்குக் குவளைக் கொடி. நான் எல்லாவற்றையும் எடுத்தேன். நல்ல படம் வந்தால் அடுத்ததற்குப் போனேன். வராவிட்டாலும் அடுத்ததற்குப் போனேன்.

முதல் சனிக்கிழமையே நடந்த ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். ஒன்பதாம் நம்பர் அப்போது கவாத்து வெட்டித் துளிர்த்துக்கொண்டிருந்தது. நிரைகளுக்கு நடுவே ஓர் இடத்தில் குச்சி நட்டு, அதில் கிழிந்த துணி ஒன்றைக் கட்டியிருந்தார்கள். நான் ஒரு சிட்டைத் துரத்திக்கொண்டு கேமராவில் கண்ணை வைத்தபடியே போனவள், ஓரக் கண்ணில் அந்தத் துணி பட்டதும் நின்றுவிட்டேன். யோசித்து நிற்கவில்லை. கால் நின்றது. அவனும் நின்றான். இருவரும் இரண்டு நிரை தள்ளிச் சுற்றிப் போனோம்.

குளவிக் கூடு இருக்கிற செடிக்குப் பக்கத்தில் கொழுந்து எடுக்கிறவர்கள் அப்படித்தான் துணி கட்டிவைப்பார்கள். யாரும் சொல்லித் தருவதில்லை. நடக்கத் தொடங்கும்போதே தெரிந்துவிடும். வங்காளதேசத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள்கூட முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்கிறார்கள். பயணிகளுக்குத்தான் தெரியாது. ஒரு பெண் அந்தத் துணியைக் கையில் பிடித்துக்கொண்டு செல்பி எடுக்கப் போய், அப்புறம் லேண்ட்ரோவரைச் சுற்றி எப்படி ஓடினாள் என்பதை நண்பன் நடித்தே காட்டினான். தானும் அவள் பின்னால் ஓடியதை மட்டும் நடிக்கவில்லை. அது அவன் மூஞ்சியிலிருந்த வீக்கத்தில் தெரிந்தது.

நான்காவது மாதம் ஓடைப் பாறையில் அந்தச் செடியைப் பார்த்தேன். பாசிக்குள் வேர்விட்டு ஆறு இலை, கரும்பச்சையும் வெளிர்ப்பச்சையுமாகப் புள்ளி விழுந்தவை. நடுவே ஒற்றைத் தண்டு. நுனியில் ஒரு மொட்டு. ஒரு வாரம் கழித்துப் போனபோது விரிந்திருந்தது. மேலே குடை பிடித்தது போல வெள்ளை இதழ், அதில் ஊதாக் கோடுகள். கீழே கருஞ்சிவப்பில் ஒரு பை. ஆங்கிலத்தில் இதன் பேருக்குச் செருப்பு ஆர்க்கிட் என்று அர்த்தம். அந்தப் பை செருப்பின் முன்பக்கம் போல இருப்பதால் அப்படி வைத்தார்களாம். யாரோ ஒரு துரை காட்டுக்குள் நின்று தன் காலைப் பார்த்திருக்கிறார்.

எங்கள் விரிவுரையாளருக்குப் படத்தை அனுப்பினேன். பல்கலைக்கழகத்தில் அவரை எல்லோரும் டாக்டர் என்போம். வழக்கமாக மூன்று நாள் கழித்துப் பதில் போடுகிறவர் மூன்று நிமிடத்தில் கூப்பிட்டார். மேட்டு நிலத் தாவரக் கணக்கெடுப்பு ஒன்று தொடங்கப் போகிறது, இரண்டு வருடக் களப்பணி, ஓர் உதவியாளர் வேண்டும் என்றார். அந்தப் பூவை வாரா வாரம் ஒரே கோணத்தில் எடு, என்ன பூச்சி வருகிறது என்று பார், அது காட்டில் தானாகக் காய் பிடிக்கிறதா என்று காட்டு, பூவிலிருந்து காய் வரை தொடர் முழுசாக இருந்தால் அந்த இடத்துக்கு உன் பேரைக் கொடுப்பேன், என்றார். அடுத்த மாதக் கடைசிக்குள் வேண்டும்.

நான் சரி டாக்டர் என்றேன். போனை வைத்த பிறகு கன்னத்தைக் கிள்ளிப் பார்த்தேன். இன்னும் யாரோ ஒருத்தியின் கன்னம்தான். ஆனாலும் அந்த வேலை எனக்கு வேண்டும் என்பது மூளைக்குத் தெரிந்தது. வயிறு காலி என்று கடிகாரத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வதில்லையா, அது மாதிரி.

அந்தப் பூவை நான் காத்த காவல் கொஞ்சமில்லை. படத்தில் இடம் பதிவாகாதபடி போனின் அமைப்பை மாற்றினேன். பேஸ்புக்கில் போடவில்லை. பின்னால் ஓடை தெரிந்த படங்களை அழித்தேன். பயணிகள் கூடும் கியா பார்ம் சந்தையின் சாலையோரக் கடைகளில் ஸ்ட்ராபெரிக்கும் சோளத்துக்கும் நடுவே காட்டு ஆர்க்கிட் விற்கிறது. யாராவது இடத்தைத் தெரிந்துகொண்டால் வேரோடு பெயர்த்துக் கறுப்புப் பையில் வைத்துவிடுவார்கள். ஆகவே நண்பனிடம் சத்தியம் வாங்கினேன். அவன் தன் லேண்ட்ரோவர் மேல் சத்தியம் பண்ணினான். அது அவன் அம்மா மேல் பண்ணுவதைவிடப் பெரிசு.

அவனைத் தவிர அம்மாவுக்கு மட்டும் காட்டினேன். ஒரு நாள் சாயங்காலம் அவள் அடுப்படியில் உட்கார்ந்து, கொழுந்துக் கறை போக எலுமிச்சைத் தோலால் கட்டைவிரலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். இப்போதெல்லாம் பெரிய கத்தரியால்தான் வெட்டுகிறார்கள், இருந்தாலும் அவள் விட்டுப்போன கொழுந்தை நகத்தால் கிள்ளாமல் வர மாட்டாள். போனை நீட்டினேன். தள்ளிப் பிடித்துப் பார்த்தாள்.

"இது ஓடப் பாறையில இருக்கறதுல்ல?"

இடமே தெரியாதபடி நான் வெட்டிச் செதுக்கிய படம் அது. ஓடையோரம் கீரை பறிக்கப் போகும்போது பார்த்திருக்கிறாளாம். மொட்டாக இருக்கும்போதே.

"ம்மா, இந்தப் பூ மேலதான் என் வேலயே இருக்கு. யார்கிட்டயும் சொல்லாத."

"நான் யார்கிட்ட சொல்லப் போறேன். என்னா வேல?"

"சர்வே வேல. சொன்னா ஒனக்குப் புரியாதும்மா."

அவள் மறுபடி ஒரு தடவை படத்தைப் பார்த்துவிட்டுப் போனைக் கொடுத்தாள். நான் அறைக்குப் போய்ப் படங்களைத் தேதி வாரியாக அடுக்கினேன்.

பூ விரிந்த மூன்றாவது வாரம் பாறைக்கு எதிரே ஈரத்தில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். ஓர் அட்டை என் சாக்ஸுக்குள் காலை உணவை முடித்துக்கொண்டது. வெள்ளிக் காதுக் குருவிக் கூட்டம் ஒன்று வந்து எங்கள் தலைக்கு மேலேயே சத்தம் போட்டது. மற்ற நாளாக இருந்தால் நூறு படம் எடுத்திருப்பேன், அன்றைக்குத் திரும்பிப் பார்க்கவே இல்லை. நண்பன்தான் என் போனில் எடுத்தான். எல்லாப் படத்திலும் கிளை மட்டும் தெளிவாக இருந்தது.

அப்புறம் அது வந்தது. தேனீ மாதிரிக் கோடு போட்ட ஒரு சின்ன ஈ. பூவின் விளிம்பில் உட்கார்ந்து, சறுக்கி, பைக்குள் விழுந்தது. உள்ளே விழுந்தால் வந்த வழியே ஏற முடியாது. பின்பக்கம் ஒரு சந்து இருக்கிறது, அதில்தான் நெருக்கிக்கொண்டு வெளியே வர வேண்டும். வரும்போது முதுகில் மகரந்தம் ஒட்டிக்கொள்ளும், ஏற்கெனவே ஒட்டியிருந்தால் இங்கே விட்டுப்போகும். தேன் எதுவும் கிடையாது. முழுக்க ஏமாற்று வேலை. அது வெளியே தலையை நீட்டிய நொடியை எடுத்துவிட்டேன். முதுகில் மஞ்சளாகப் பூசியிருந்தது, கீறல் விழுந்த லென்ஸிலும் தெளிவாகத் தெரிந்தது.

நண்பன் என் முதுகில் ஒரு அடி வைத்தான். "வேல கெடச்சிருச்சுலா. சிரிக்க மாட்டியா?"

சிரித்தேன். வாயை அந்த இடத்தில் வைத்தால் சிரிப்பு ஆகிவிடும். டாக்டருக்கு அனுப்பியதும் பாராட்டி எழுதினார். இனி காய் மட்டும்தான் பாக்கி, பூ வாடித் தானாக விழட்டும், தொடாதே, என்றார்.

பூ விரிந்த ஐந்தாவது சனிக்கிழமை போனபோது தண்டு மட்டும் இருந்தது.

செடி அப்படியே இருந்தது. ஆறு இலை, பாசி, வேர், எல்லாம் இடத்தில் இருந்தன. தண்டு பாதியில் முடிந்தது. விழுந்த பூவைப் பாறைக்குக் கீழே தேடினேன். இல்லை. வாடி விழுந்திருந்தால் நுனியில் காய்க்கு ஆரம்பமான தடிப்பு இருந்திருக்கும், அதுவும் இல்லை. ஆறு படம் எடுத்தேன். அதே கோணம், அதே உயரம். கை ஆடவில்லை. ஒரு படம்கூட மங்கவில்லை.

திருடன் என்றால் வேரை விட்டிருக்க மாட்டான் என்றான் நண்பன். பயணிகள் யாராவது என்றேன். அவன் குனிந்து தண்டைப் பார்த்தான். ஒடித்தது மாதிரி இல்லை, நார் எதுவும் தொங்கவில்லை, நகத்தால் கிள்ளினது மாதிரி இருக்கிறது, என்றான். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான். நான் லென்ஸுக்கு மூடி போட்டுக்கொண்டிருந்தேன்.

இறங்கி வந்தோம். ஏறும்போது எல்லாவற்றையும் மூடியிருந்த பனி இப்போது விலகியிருந்தது. முனியாண்டி கல் பக்கத்தில் அவன் வழக்கம் போலச் செருப்பைக் கழற்றினான். அப்புறம் நகரவில்லை.

கல்லுக்கு முன்னால் வாழை இலைத் துண்டு, எறும்பு மொய்த்த பழம், கற்பூரம் எரிந்த கறுப்பு. கல் முழுக்கச் செம்பருத்தி. அதற்கெல்லாம் மேலே, உச்சியில், குங்குமம் வைத்த இடத்துக்கு நேராக, என் பூ. குடை இதழ் ஓரத்தில் பழுப்பாகியிருந்தது. பைக்குள் மழைத் தண்ணீர் தேங்கியிருந்தது.

கவாத்து வெட்டிய மலையில் மறுபடி முதல் கொழுந்து எடுக்கப் போகிற அன்று, நிரைக்குள் கால் வைக்கும் முன் மூலைக் கல்லுக்குப் பூ வைப்பார்கள். கடைப்பூ ஆகாது. அந்த மலையிலோ அதை ஒட்டிய காட்டிலோ கையால் பறித்ததாக இருக்க வேண்டும். எதையாவது மனதில் வைத்துக்கொண்டு வேண்டிக்கொள்கிறவர்கள் கொஞ்சம் தேடிப்போய் நல்லதாகக் கொண்டுவருவார்கள். இது எனக்குத் தெரியாததில்லை. சின்ன வயதில் நானே காசித்தும்பை பறித்துக் கொடுத்திருக்கிறேன். ஒன்பதாம் நம்பர் துளிர்த்து நிற்பதை ஐந்து மாதமாக வாரா வாரம் தாண்டிப் போயிருக்கிறேன். எத்தனை படம் எடுத்தேன் என்று கேட்டால் சொல்வேன். கொழுந்து எப்போது முதிரும் என்று ஒரு தடவைகூட நினைக்கவில்லை.

"நேத்துதான் மொதக் கொழுந்து எடுத்தாங்க," என்றான் அவன் மெதுவாக. அந்த மலையில் வேலை செய்கிறவர்களில் தமிழ்ப் பெண்கள் இப்போது மூன்று பேர்தான். மற்ற இருவருக்கும் முட்டி வலி, ஓடைப் பாறை வரை ஏற மாட்டார்கள். அவன் அதைச் சொல்லவில்லை. எனக்கும் தெரியும்.

கல்லின் மேல் இருந்த பூவையும் எடுத்தேன். மூன்று படம்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் ஒரு மாதிரி மலர்ந்தது. கல்லைப் பார்த்தாயா என்று கேட்டாள். பார்த்தேன் என்றேன்.

"மத்தவங்கள்லாம் செம்பருத்திதான் வெச்சாங்க. நான் விடிய முன்ன டார்ச் எடுத்துக்கிட்டுப் போயி கிள்ளிட்டு வந்தேன். நீதான சொன்ன, ஒன் வேல அந்தப் பூ மேலதான் இருக்குன்னு. அதான் அவரு தலையிலயே வெச்சிட்டேன். இனிமே அவரு பாத்துக்குவாரு."

ஏழு நாள் முன்னால் வழுக்கி விழுந்து வீங்கின அவள் கணுக்காலில் இன்னும் கட்டு இருந்தது. அந்தக் காலோடு இருட்டில் ஓடையைத் தாண்டியிருக்கிறாள். நான் உட்கார்ந்து தோசை சாப்பிட்டேன். இரண்டு. அவள் மூன்றாவதும் வைத்தாள், அதையும் சாப்பிட்டேன். ஆங்கிலத்தில் அதற்குச் செருப்பு என்று பேர் என்பதை அன்றைக்கும் சொல்லவில்லை, இன்றைக்கும் சொல்லவில்லை.

யோசனை சொன்னது நண்பன்தான். திங்கட்கிழமை மத்தியானம் வீட்டுக்கு வெளியே நின்று ஹாரன் அடித்தான். ஏறு என்றான். நேராகக் கியா பார்ம் போய் நிறுத்தினான். ஒரு கடையில் சர்க்கரைவள்ளிக்கு மேல் வரிசையில் செருப்பு ஆர்க்கிட் பத்துப் பதினைந்து இருந்தது, எல்லாம் கறுப்புப் பையில். ஒன்றைக் கொண்டுபோய்ப் பாறையில் பாசிக்குள் சொருகிப் படம் எடு, அப்புறம் பூவைக் கழற்றி அடியில் கொஞ்சம் வீங்கினாற்போலக் காட்டு, யார் வந்து பார்க்கப் போகிறார்கள், என்றான். அவன் ஜெர்மன்காரர்களுக்கு மலைக்கிளி காட்டினவன்.

நான் ஒன்றைக் கையில் எடுத்தேன். கடைக்கார அக்கா நல்ல பூ, மூன்று வாரம் நிற்கும் என்றார். நிறம் கொஞ்சம் கூடுதல் சிவப்பு, இலைப் புள்ளி வேறு மாதிரி. இரண்டு வகையைக் கலந்து பண்ணையில் வளர்த்தது. டாக்டர் கண்டுபிடித்துவிடுவார் என்று அவனிடம் சொன்னேன். உண்மை அது இல்லை. பக்கவாட்டில், வெளிச்சத்துக்கு எதிராக எடுத்தால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. எனக்கு எடுக்கத் தெரியும். கேமராவைக்கூடத் தூக்கிப் பார்த்தேன், கண்ணாடிக்குள் பூ அப்படியே அதுதான். ஆனால் பை கையில் எடையே இல்லாமல் இருந்தது. உள்ளே தேங்காய் நாரும் ரப்பர் நுரையும். திரும்ப வைத்துவிட்டேன். இதை நேர்மை என்று யாராவது நினைத்தால் நான் பொறுப்பில்லை. ஏன் வைத்தேன் என்று எனக்கே தெரியாது.

நண்பன் ஒரு கூடை ஸ்ட்ராபெரி வாங்கினான். திரும்பும் வழியெல்லாம் இருவரும் தின்றோம். புளிப்பு என்று அவன் சொன்னதால் எனக்குத் தெரிந்தது.

அன்றிரவே அறிக்கையை முடித்தேன். ஐந்தாவது வாரம் என்று போட்டு, தண்டின் படத்தையும் கல்லின் படத்தையும் சேர்த்து, கீழே எழுதினேன்: பூ மனிதரால் பறிக்கப்பட்டது. காரணம், வழிபாடு. பறித்தவர் யார் என்று ஒரு கட்டம் இருந்தது. தோட்டத் தொழிலாளர் என்று நிரப்பி அனுப்பினேன்.

டாக்டர் பத்து நாள் கழித்து எழுதினார். மரியாதையான கடிதம். ஈயின் படம் அருமை, அதைப் பாடத்தில் காட்ட அனுமதி வேண்டும், மறைக்காமல் எழுதியதற்கு நன்றி. வேறொரு மலையில் இன்னொரு பட்டதாரி எடுத்த தொடர் காய் வரை முழுசாக வந்துவிட்டது, அந்த இடம் அவருக்குப் போகிறது. இரண்டு தடவை படித்தேன். அனுமதி உண்டு என்று பதில் போட்டேன்.

அம்மாவிடம் சொல்ல இன்னும் ஒரு வாரம் ஆனது. அவள்தான் கேட்டாள். வாசலில் உட்கார்ந்து நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள், நானும் எதிரே உட்கார்ந்து கிள்ளினேன். அந்தச் சர்வே வேலை என்ன ஆச்சு என்றாள். கிடைக்கவில்லை என்றேன். இன்னொரு நெத்திலியை எடுத்துத் தலையைக் கிள்ளினாள்.

"போனாப் போவுது. அடுத்த பூ பூக்கட்டும். அதோட ஒரு கோழியும் சேத்து அறுத்துருவோம்."

இதற்கு மேல் என்னால் தலை ஆட்ட முடியவில்லை.

"ம்மா, அந்தப் பூ செடியிலயே இருந்துருக்கணும். காய்க்கிற வரைக்கும். அதத்தான் நான் வாரா வாரம் படம் புடிச்சிட்டு இருந்தேன்."

அவள் கை நின்றது.

"காய்க்கிற வரைக்குமா?"

"ஆமா."

"இத அன்னிக்கே சொல்லிருக்கலாம்ல."

"ஒனக்குப் புரியாதுன்னு நெனச்சேன்."

"பூவு காயாவும்னு எனக்குப் புரியாதா, பாப்பா?"

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், எனக்கு அது நன்றாக வரும். அவள் மறுபடி நெத்திலியை எடுத்தாள். தலைகள் ஒரு பக்கம், உடம்புகள் ஒரு பக்கம். நானும் எடுத்தேன். நாலு வருடப் படிப்பில் எத்தனை செடியின் பாகத்தைக் குறித்திருப்பேன். முப்பது வருடமாகச் செடியோடு நிற்கிறவளுக்கு நான் ஒரு வரி சொல்லவில்லை. அந்தப் பல் ஊசியின் மரப்பு இறங்கும்போது முதலில் உதட்டோரத்தில் ஏதோ ஊர்வது போல இருக்கும், வலி என்றுகூடச் சொல்ல முடியாது. அப்படி ஒன்று இருந்தது. நெத்திலி முடிந்ததும் அவள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அடுத்த சனிக்கிழமை போக எனக்கு எந்தக் காரணமும் இல்லை. ஏழு மணிக்குக் கேமரா கழுத்தில் இருந்தது, அவ்வளவுதான். நண்பன் வந்தான். பனி விலகாமல் இருந்தது. ஒன்பதாம் நம்பரில் மட்டமாக வெட்டிய செடிகள், முனியாண்டி கல்லில் காய்ந்த செம்பருத்தி. காட்டுக்குள் ஏறினோம். ஓடைச் சத்தம் கேட்கத் தொடங்கியபோது முன்னால் போன அவன் கையை நீட்டி என்னைத் தடுத்தான்.

"ஏய், நில்லு. கொளவி."

பாறைக்கு முன்னால், செடிக்கு ஒரு முழம் தள்ளி, குச்சி நட்டுத் துணி கட்டியிருந்தது. காட்டுக்குள் யாரும் அப்படிக் கட்டுவதில்லை. நான் எட்டிப் பார்த்தேன். பழைய கைலித் துணி, நீலத்தில் மஞ்சள் கட்டம். அம்மா கொழுந்து எடுக்கப் போகும்போது தலையில் சுற்றிக்கொள்வது. இரண்டு நாளாக அதற்குப் பதில் துண்டு கட்டிக்கொண்டு போகிறாளே என்று பார்த்திருந்தேன், கேட்கவில்லை. முடிச்சைப் பார்த்தேன். இறுக்கிப் போட்ட இரட்டை முடிச்சு, மழைக்கும் அவிழாது. கீரைக்கு வருகிறவர்கள், பூவுக்கு வருகிறவர்கள், எஸ்டேட்டில் பிறந்த யாராக இருந்தாலும் இதைத் தாண்டி ஒரு காலடி வைக்க மாட்டார்கள்.

"எங்கம்மா துணி அது," என்றேன்.

அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. "அப்ப கொளவி இல்லியா?"

"தெரியல."

"நீ போய்ப் பாரேன்."

"நீ போ."

இருவரும் போகவில்லை. இல்லை என்று தெரியும். தெரிந்தும் கால் எடுபடவில்லை. பத்தடி தள்ளி ஒரு வேரின் மேல் உட்கார்ந்து, லென்ஸை முழுதாக நீட்டி, துணிக்குப் பக்கவாட்டில் செடியைப் பிடித்தேன். கை லேசாக ஆடியது. முதல் நாலு படமும் மங்கல். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஐந்தாவதை எடுத்தேன்.

யாரும் கேட்காத நோட்டில் அன்றைக்கு எழுதியது இது. இலை ஆறு. பழைய தண்டு காய்ந்துவிட்டது. அடியில் பச்சையாக ஏதோ முனை தெரிகிறது, புதுக் குருத்தா பாசியா என்று இவ்வளவு தூரத்திலிருந்து சொல்ல முடியவில்லை.